உள்ளே போனாலும் குற்றம், வெளியே நின்றாலும் குற்றம்

சிதம்பரத்தில் எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். வடநாட்டில் ஏதோ ஒரு சாலை. வரிசையாக மனிதர்கள் மண்டியிட்டுத் தொழுகிறார்கள். பின்னணியில் போர்ப்படங்களில் வருவதுபோன்ற இசை. திரையில் சிவப்பு எழுத்தில், சாலையை மறித்துத் தொழுகை என்று ஓடுகிறது. எந்த ஊர், எந்த நாள், எவ்வளவு நேரம், அனுமதி இருந்ததா என்ற எந்தத் தகவலும் அதில் இல்லை.

"அண்ணே, நாம மதச்சார்பின்மை பேசுறோம். ரோடு எல்லாருக்கும் பொதுதானே? இது தப்புதானே?" என்று கேட்டார்.

அவரை நான் திட்டவில்லை. கேள்வி நியாயமானது. அவர் சங்கி அல்ல. புரட்சியாளர் அம்பேத்கரின் படத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைத்திருப்பவர். அதனால்தான் எனக்குக் கவலையாக இருந்தது. நம் பிள்ளைகளின் கைக்கே இந்தக் காணொளி வந்து சேர்கிறது, நம் வாயிலிருந்தே அந்தக் கேள்வியை வரவழைக்கிறது என்றால், அது எப்படித் தயாராகிறது என்று பார்த்தாக வேண்டும். அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்த் தெருவிலிருந்து தொடங்குவோம்

நாங்கள் டீ குடித்த இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் தேரோடும் வீதி. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் அந்த நான்கு வீதிகளிலும் வண்டி போகாது. ஆருத்ராவுக்குக் கடலூர் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். பாதைகளை மாற்றி விடுவார்கள், போலீஸ் குவிக்கப்படும்.

இது எதுவும் தவறு என்று நான் சொல்லவில்லை. மக்கள் கூடுகிறார்கள், கொண்டாடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது செய்தியின் மொழியை. தேர்த் திருவிழாவுக்குப் பத்திரிகை போடும் சொல் 'போக்குவரத்து மாற்றம்'. எந்த வழியாகப் போகலாம் என்று வாசகருக்கு உதவி செய்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு தெருவோரத்தில் கால் மணி நேரம் தொழுதால் அதற்குப் போடும் சொல் 'போக்குவரத்து பாதிப்பு'. ஒரே சாலை, ஒரே நெரிசல். ஒன்று ஏற்பாடு, மற்றது இடைஞ்சல்.

வடக்கே இந்த வித்தியாசம் இன்னும் அப்பட்டம். காவடி யாத்திரை போகும் பக்தர்களுக்காக டெல்லிக்கு அருகே நெடுஞ்சாலைகளில் நாள்கணக்கில் போக்குவரத்தைத் திருப்பி விடுகிறார்கள். 2018இல் உத்தரப் பிரதேசத்தின் மூத்த போலீஸ் அதிகாரி ஹெலிகாப்டரில் போய் அவர்கள்மீது பூத் தூவினார். 2024 மார்ச் 8 அன்று டெல்லி இந்தர்லோக்கில் சாலையில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் போலீஸ் உதவி ஆய்வாளர் ஒருவர் பூட்ஸ் காலால் உதைத்தார். காணொளி பரவிய பிறகு அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஒரு பக்தனுக்குப் பூ, இன்னொரு பக்தனுக்கு உதை. இரண்டு இடத்திலும் அணிந்திருந்தது அரசாங்கம் தந்த சீருடை.

'சர்ச்சை' எப்படிப் பிறக்கிறது?

குருகிராமை எடுத்துக்கொள்வோம். டெல்லியை ஒட்டிய பெரிய ஐடி நகரம். கட்டடத் தொழிலாளிகள், ஓட்டுநர்கள், தையல்காரர்கள், அலுவலக ஊழியர்கள் என்று பல மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். நகரம் வளர்ந்த வேகத்துக்குப் பள்ளிவாசல்கள் வளரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ என்பது கூட்டாகத் தொழ வேண்டிய தொழுகை. வீட்டில் தனியாகத் தொழுதால் அது ஜும்ஆ ஆகாது. அதனால் மதிய உணவு இடைவேளையில் காலி மனைகளிலும் பூங்காக்களிலும் தொழுதார்கள்.

2018இல் சில அமைப்புகள் எதிர்ப்பைக் கிளப்பின. மாவட்ட நிர்வாகம் பேசி 37 இடங்களை ஒதுக்கியது. அதாவது அனுமதி பெற்ற தொழுகை அது. 2021இல் மறுபடியும் அதே எதிர்ப்பு. வெள்ளிதோறும் வந்து முழக்கமிட்டார்கள். தொழுகை நடந்த ஓர் இடத்தில் கோவர்த்தன பூஜை நடத்தினார்கள், வறட்டியைப் பரப்பி வைத்தார்கள். 2021 நவம்பரில் 8 இடங்களுக்கான அனுமதியை நிர்வாகம் ரத்து செய்தது. டிசம்பரில், திறந்தவெளித் தொழுகையைச் சகித்துக்கொள்ள முடியாது என்று அன்றைய ஹரியானா முதல்வரே சொன்னார்.

இதைத் தொலைக்காட்சிகள் எப்படிச் சொன்னன? 'தொழுகை சர்ச்சை' என்று. அந்தச் சொல்லை நன்றாகப் பாருங்கள். கலகம் செய்தவர் யார் என்பது அதில் இல்லை. தொழுதவனே சர்ச்சையைக் கிளப்பியவன் ஆகிவிடுகிறான். 'தொழுகையைத் தடுத்த கும்பல்' என்று போட்டிருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கும். அதே குருகிராமில் சீக்கியர்கள் தங்கள் குருத்வாராவில் தொழ இடம் தர முன்வந்தார்கள். இந்துக் கடைக்காரர் ஒருவர் தன் இடத்தைத் திறந்துவிட்டார். அந்தச் செய்தியும் வந்தது. ஆனால் மாலை விவாத மேடைக்கு அது வரவில்லை. நல்லிணக்கத்தை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட முடியாதே.

2022 ஜூலையில் லக்னோ. லூலூ மால் திறந்து சில நாள்கூட ஆகவில்லை. உள்ளே ஒரு மூலையில் சிலர் தொழுத குறுங்காணொளி பரவியது. அதற்கு நாள்கணக்கில் விவாதம், முதல் தகவல் அறிக்கை, கைதுகள். அதே ஆண்டு ஜனவரி இறுதியில் பெங்களூரு ரயில் நிலையம். சுமை தூக்கும் தொழிலாளர்களின் ஓய்வறையில் முஸ்லிம் போர்ட்டர்கள் பல காலமாகத் தொழுது வந்தார்கள். ஒரு நாள் ஓர் அமைப்பு உள்ளே புகுந்து, ஓய்வறை மசூதியாகிவிட்டது என்று கிளப்பியது. அதே நிலைய வளாகத்தில் மற்ற மதத்தாரின் வழிபாட்டு இடங்களும் இருக்கின்றன என்று கூடவே மூட்டை சுமக்கும் தொழிலாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து தொழுகிறவனையும் இடத்தைப் பிடிக்க வந்தவனாகக் காட்டத் தெரிந்தவர்கள் இவர்கள்.

தயாரிப்பு முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். யாரோ ஒருவர் படம் எடுக்கிறார். ட்விட்டரில் போடுகிறார். 'வைரல் வீடியோ' என்று இணையதளம் எடுக்கிறது. ஓர் அமைப்பு புகார் கொடுக்கிறது. புகார் வந்ததால் 'பரபரப்பு'. பரபரப்பு என்பதால் மாலை விவாதம். இந்தச் சங்கிலியில் ஒரு செய்தியாளர்கூட அந்த இடத்துக்குப் போய், "ஐயா, நீங்கள் ஏன் இங்கே தொழுகிறீர்கள், பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா, உங்கள் முதலாளி எவ்வளவு நேரம் விடுகிறார்?" என்று கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீதிமன்றமே சொன்ன ஒன்று

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு, அந்த நிலத்தை ஒன்றிய அரசு கையகப்படுத்தியது செல்லுமா என்ற வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இஸ்மாயில் ஃபாரூக்கி வழக்கு. இஸ்லாமிய வழிபாட்டுக்குப் பள்ளிவாசல் இன்றியமையாத பகுதி அல்ல, தொழுகையை எங்கு வேண்டுமானாலும், திறந்தவெளியிலும்கூட, செய்யலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

பள்ளிவாசல் நிலத்தை எடுக்கும்போது, உங்களுக்குத்தான் திறந்தவெளி இருக்கிறதே என்றார்கள். திறந்தவெளிக்கு வந்தால் பள்ளிவாசலுக்குப் போ என்கிறார்கள். சரி, வீட்டிலாவது தொழலாமா? 2022 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டம் துல்ஹேபூர் கிராமத்தில் வீட்டுக்குள் கூட்டாகத் தொழுததாக 26 பேர்மீது வழக்கு போட்டார்கள். ஆதாரம் இல்லை என்று பிறகு போலீசே அதைக் கைவிட்டது. கல்லூரி விடுதியில் தொழலாமா? 2024 மார்ச் 16 இரவு குஜராத் பல்கலைக்கழக விடுதி வளாகத்தில் ரமலான் தொழுகை தொழுத வெளிநாட்டு மாணவர்களை ஒரு கும்பல் புகுந்து தாக்கியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் இலங்கை மாணவர் ஒருவரும் இருந்தார்.

சாலை, மால், ஓய்வறை, விடுதி, வீடு. வரிசையாகப் பார்த்தால் பிரச்சினை 'பொது இடம்' அல்ல என்று தெரியும். தொழுகிறவன் கண்ணில் படுவதுதான் பிரச்சினை.

இந்த நியாயத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்?

உள்ளே வராதே, வெளியேயும் நிற்காதே. இது நமக்குப் புதிதா? நந்தனை வெளியே நிற்க வைத்த ஊர் இது.

2008 மார்ச் 2 அன்று தில்லை நடராசர் கோயிலில் சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட, சிவனடியார் ஆறுமுகசாமிக்கு அரசாணையும் போலீஸ் பாதுகாப்பும் வேண்டியிருந்தன. அப்போதும் தீட்சிதர்கள் மறித்தார்கள். 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறி வழிபடப் போன தலித் பெண்ணைச் சாதி சொல்லித் தடுத்ததாகத் தீட்சிதர்கள் இருபது பேர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்த ஆண்டு மே மாதம்தான் கனகசபையில் நின்று வழிபடலாம் என்று அரசாணை வந்தது.

கோயிலை விடுங்கள், சாலைக்கு வாருங்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழிவிடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். 2016 ஜனவரியில் திருநாள்கொண்டசேரியில் பொதுப்பாதை வழியாக உடலை எடுத்துச் செல்லலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், அந்த வழி கிடைக்கவில்லை. போலீசே உடலை வாங்கிப்போய் அடக்கம் செய்தது. பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் சாலை என்ற சொல்லும் கிணறு என்ற சொல்லும் எழுதப்பட்டிருப்பது சும்மா இல்லை. அதை எழுதியவர்களுக்குச் சாலை மறுக்கப்பட்டிருந்தது.

நம்மைப் பற்றிய செய்தியில் வரும் சொற்களை நினைத்துப் பாருங்கள். நம் தெருவில் புகுந்து அடித்தால், 'இரு தரப்பினரிடையே மோதல்'. நாம் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட ஊர்வலம் போனால், 'பதற்றம், போலீஸ் குவிப்பு'. கோயிலுக்குள் போக முயன்றால், 'சட்டம் ஒழுங்கு பிரச்சினை'. அடித்தவன் பெயர் காணாமல் போகிறது. அடிபட்டவன் பிரச்சினை ஆகிறான். 'தொழுகை சர்ச்சை' என்ற சொல்லை உருவாக்கியதும் இதே பட்டறைதான். நம்மீது பழகிய கையால்தான் அவர்களைச் செதுக்குகிறார்கள்.

1981இல் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, நாடு முழுவதும் இருந்து செய்தியாளர்கள் வந்து இறங்கினார்கள். வளைகுடாப் பணம் வந்ததா என்பதே பெரிய கேள்வியாக ஓடியது. டீக்கடையிலும் தெருவிலும் அந்த மக்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது சிறிய கேள்வியாகச் சுருங்கியது. நாமும் முஸ்லிம்களும் ஒரே செய்தியில் வந்தால் இரண்டு பேரும் சந்தேகத்துக்குரியவர்கள்.

2020ஐ மறந்துவிடாதீர்கள்

கொரோனா முதல் அலை. டெல்லியில் தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களின் எண்ணிக்கையைத் தமிழ்நாட்டு அரசின் அன்றாட அறிக்கையில் தனியே சொன்னார்கள். கண்டனம் எழுந்த பிறகு 'டெல்லி மாநாடு' என்பது போய் ஒரே மூலம், ஒரே நிகழ்வு என்ற பொருளில் பூசி மெழுகினார்கள். தொலைக்காட்சிகளில் 'கொரோனா ஜிகாத்' ஓடியது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டுவிட்டு வாங்கினார்கள். கூடித் தொழுவதே நோய் பரப்பும் சதி என்றானது.

2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் வெளிநாட்டினர்மீதான வழக்குகளை ரத்து செய்தது. அச்சு ஊடகங்களும் காட்சி ஊடகங்களும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் செய்தன, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று தீர்ப்பிலேயே எழுதியது. பழி சுமத்திய செய்தி ஓடியது மாதக்கணக்கில். தீர்ப்பு ஓடியது ஒரு நாள். வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் சுற்றுவது பழிதான், தீர்ப்பு அல்ல.

நல்ல படமும் போதாது

நம் மாவட்டத்தில் ஒரு நல்ல செய்தி ஆண்டுதோறும் வரும். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். வழியில் கிள்ளை தைக்கால் தர்காவில் முஸ்லிம்கள் சாமிக்கு வரவேற்பு கொடுப்பார்கள். 'மத நல்லிணக்கம்' என்று பத்திரிகைகள் படம் போடும். 2004 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் கிராமத்து மக்களுக்குச் சோறாக்கிப் போட்டதையும் எழுதினார்கள். எழுதத்தான் வேண்டும். நமக்கெல்லாம் பெருமை.

ஆனால் யோசியுங்கள். சாமிக்கு மாலை போட்டால் நல்ல முஸ்லிம். வெள்ளத்தில் சோறு போட்டால் நல்ல முஸ்லிம். ஒன்றும் செய்யாமல், வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வேலைக்குத் திரும்பினால்? அவன் செய்தியிலேயே இல்லை, அல்லது சர்ச்சையில் இருக்கிறான். உரிமை என்பது நல்ல பிள்ளை என்று நிரூபித்து வாங்கும் பரிசு அல்ல. நம்மிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். முதல் மதிப்பெண் வாங்கிய தலித் மாணவிக்குப் பாராட்டு. சுமாராகப் படிக்கும் தலித் மாணவனுக்கு 'கோட்டா' என்ற ஏளனம். சாதாரணமாக இருக்கும் உரிமைதான் இங்கே நம் இருவருக்கும் கிடைக்காதது.

சரி, தம்பியின் கேள்விக்குப் பதில்

சாலை எல்லோருக்கும் பொது. அதை நான் மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும். ஒலிபெருக்கிக்கு வரம்பு வேண்டும். எந்த மதமும் மற்றவரின் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று சொல்லவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு சென்னையில் ஒரு தேவாலயம் சம்பந்தப்பட்டது. பொது இடங்களில் புதிதாக எந்த மதக் கட்டடமும் கட்டக் கூடாது என்று 2009இல் உத்தரவிட்டது. 2021இல் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில், முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்களில் கோயில் ஊர்வலம் வருவதை எதிர்த்த வழக்கில், ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. அங்கே ஊர்வலத்தை எதிர்த்தது தவறு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

என் பதில் இவ்வளவுதான். அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும். எவ்வளவு நேரம், யாருக்கு இடைஞ்சல், அனுமதி உண்டா, மாற்று இடம் உண்டா என்ற நான்கு கேள்விகளை விநாயகர் ஊர்வலத்துக்கும், தேருக்கும், குருத்தோலை பவனிக்கும், தொழுகைக்கும் ஒன்றுபோலக் கேளுங்கள். ஒருவனிடம் மட்டும் கேட்டுவிட்டு அதற்கு மதச்சார்பின்மை என்று பெயர் வைக்காதீர்கள். அண்ணா முதல்வராக இருந்த 1968இல், அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை எடுக்கச் சொல்லி ஆணை போட்டார்கள். இன்றைக்கு ஏதாவது ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். ஆயுத பூஜையன்று போலீஸ் ஜீப்புக்குப் பொட்டு வைப்பதைப் பாருங்கள். அதை 'வைரல் வீடியோ' என்று யாரும் போடுவதில்லை. பெரும்பான்மையின் வழிபாடு கண்ணுக்குத் தெரியாது. அது வழக்கம் என்ற பெயரில் சுவரோடு சுவராகக் கலந்துவிட்டது.

இன்னொரு தோழர் அன்று கேட்டார், "முஸ்லிம்களிடம் மட்டும் சாதி இல்லையா? நமக்காக அவர்கள் வந்தார்களா?" என்று. அவர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நம் போராட்டங்களுக்கு வந்த ஜமாஅத்தும் உண்டு, வராத ஜமாஅத்தும் உண்டு. அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசுவோம். அதற்காக ஒரு பொய்யை நம் கைப்பேசியில் சுமக்க வேண்டியதில்லை. நாளைக்கு அதே மெஷினில் நம் படம் ஓடும்போது, அதை நம்பாதே என்று யாரிடம் போய்ச் சொல்வோம்?

என்ன செய்யலாம்?

இப்படி ஒரு காணொளி வந்தால், பகிர்வதற்கு முன் எந்த ஊர், எந்த நாள் என்று தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இதழியல் படிப்பவர்கள் செய்தியை எழுதும்போது வினைக்கு எழுவாய் போடுங்கள். 'சர்ச்சை ஏற்பட்டது' அல்ல, இன்னார் தடுத்தார்கள். 'மோதல் வெடித்தது' அல்ல, இன்னார் அடித்தார்கள். லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் உங்கள் வகுப்புத் தோழர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சியிடம் கேட்பதை அவர்களிடம் கேளுங்கள்.

கேமராவைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 2020 அக்டோபரில் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம்தான் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. துணைத் தலைவர்மீது வழக்கு, ஊராட்சிச் செயலர் பணியிடைநீக்கம் எல்லாம் அந்த ஒரு படத்தால் நடந்தது. அந்தப் படம் யார் நாற்காலியில், யார் தரையில் என்று காட்டியது. தம்பி காட்டிய காணொளி தரையில் இருப்பவனை மட்டும் காட்டியது. அவனைச் சுற்றி நின்று முழக்கமிட்டவர்கள் யாராவது இருந்தார்களா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அவர் அதை அன்றே அழித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இஸ்மாயில் ஃபாரூக்கி தீர்ப்பைப் படித்துவிட்டு வருகிறேன் என்றார். வரட்டும். சேர்ந்து படிப்போம்.

ஜெய்பீம்.